கொல்லன் யாரைக் கொன்றான்?

வேளாண்மை வெட்டு நெருங்குகிறதென்று போன கிழமை மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் ஒரு கம்மாலையில், அதாவது கொல்லன் பட்டறையில், இரண்டு தாக்கத்திகளை (கதிர் அரிவாள்களை)த் தோய்ச்சல் போடக் கொடுத்துவிட்டு நின்றேன். (வெட்டு மிஷின் வந்தாலும் வரம்போரத்துக்குத் தாக்கத்திதான்.) கூட வந்த மருமகன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, உடம்பெல்லாம் கரி எண்டதாலயா இவரைப் பிளாக்ஸ்மித் எண்டுறது?"

கரி ஆளுக்கில்லை, இரும்புக்கு. உலையிலிருந்து குறட்டால் எடுத்தபோது செம்மஞ்சளாக இருந்த கத்தி, சம்மட்டி விழ விழ மேல்தோலைச் செதில் செதிலாக உதிர்த்தது; ஆறினால் அந்தச் செதில் கன்னங்கரேல் என்று கிடக்கும். அதனால் இரும்பு ஆங்கிலேயருக்குக் கறுப்பு உலோகம், தகரத்தில் வேலை செய்கிறவர் வைட்ஸ்மித். நாங்கள் மட்டும் என்ன, இரும்புக்குக் கரும்பொன் என்றும் அதை அடிப்பவருக்குக் கருங்கொல்லர் என்றும் பழைய தமிழில் பெயர் வைத்தவர்கள்தானே! பொன் என்றால் தங்கம் மட்டுமில்லை, எந்த உலோகமும் பொன்தான், ஐம்பொன் என்பதில் இன்னும் அது இருக்கிறது.

சரி, ஸ்மித்? ஓங்கி அடிப்பது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஸ்மைட் என்றொரு சொல் உண்டு, அதிலிருந்து வந்தது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், சம்மட்டிச் சத்தத்தைக் கேட்டால் நம்பத்தான் தோன்றும். ஆனால் இல்லை. பழைய ஜெர்மானிய மொழிகளில் அது கைத்தொழிலாளியைக் குறித்த சொல். அவற்றில் ஒன்றான, வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியில் மரவேலைக்காரரும் ஸ்மித்தான். உலோகத்துக்கென்று ஒடுங்கியது பிறகு.

எனக்கு இதில் பிடித்ததே, நாங்களும் அதே பிழையை விடுகிறோம் என்பதுதான். கொல்லன் என்றதும் கொலை ஞாபகம் வருகிறது. கொல் என்பதற்கு உலோக வேலை என்றொரு தனிப்பொருள் இருக்கிறது, கொல்லன் அதிலிருந்துதான்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் சொன்னேன். வைகாசியில் செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு விரதம் பிடிக்கிற மனுசி. சிலம்பைத் திருடிவிட்டுக் கோவலன் தலையில் பழியைப் போட்ட பொற்கொல்லனை ஒவ்வொரு வருசமும் புதிதாகத் திட்டுவார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்தார்.

"போ மனே. அப்ப கோவலன் தானாகவா செத்தான்?"