வரிசை வீட்டுக் கொல்லை, களிமண் நிலம்: வேலைக் குறிப்புகள்

பிப்ரவரி 3
பழைய வரிசை வீடு. கொல்லை 5 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். இருபுறமும் பொதுச் சுவர். ஈர மண்ணைக் கட்டைவிரலால் நசுக்கித் தள்ளினால் 6 செ.மீ. நாடா அறுபடாமல் வருகிறது. 5 செ.மீ. தாண்டினாலே களிமண்தான். மேல் ஒரு சாணில் செங்கல் துண்டு, சாம்பல், உதிர்ந்த காரை. காரைச் சுண்ணாம்பால் மண்ணின் காரத்தன்மை கூடும். பழைய பெயிண்ட் உதிர்ந்த சுவரோரம் ஈயமும் இருக்கலாம். கீரை, கிழங்கு போடுவதானால் அந்த மண்ணைத் தனியே பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 4
30 செ.மீ. ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி, வடிந்தபின் மறுபடி நிரப்பி அளந்ததில் மணிக்கு 1 செ.மீ.தான் இறங்குகிறது. 2.5 செ.மீ.க்குக் குறைந்தால் பெரும்பாலான செடிகளுக்கு வேர் அழுகும் ஆபத்து உண்டு.

பிப்ரவரி 6
செடிக்கு முன் மட்டம். பல வருடம் கொட்டிய மண் ஏறி, வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்கை மூடியிருக்கிறது. உள்சுவரில் பூச்சு உதிர்வதற்கு இது போதும். மண் அந்த அடுக்குக்கு 15 செ.மீ. கீழே நிற்க வேண்டும். வீட்டிலிருந்து வெளிப்புறமாக 60க்கு 1 சரிவு, அதாவது 3 மீட்டருக்கு 5 செ.மீ. நீர்மட்டக் குழாய் இருந்தால் போதும். சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டக் கூடாது. இது போன்ற பழைய வீடுகளுக்கு அஸ்திவாரம் ஆழம் குறைவு. பெரிய மரத்தையும் யோசிக்காமல் வெட்டக் கூடாது. அதுவரை அது உறிஞ்சிவந்த நீர் களியிலேயே தங்கி, மண் உப்பி, தரையைத் தூக்கிவிடும்.

பிப்ரவரி 9
மழை. வேலை இல்லை. ஈரக் களியில் நடந்தாலே காற்றுத் துளைகள் நசுங்கும். மண்ணை உருண்டை பிடித்து விரலால் குத்தினால் உதிர வேண்டும். பள்ளம் மட்டும் விழுந்தால் இன்னும் பதம் வரவில்லை. அவசரமென்றால் பலகை போட்டு அதன்மேல் நடக்கலாம். மண்வெட்டி வைக்க வேண்டாம்.

பிப்ரவரி 13
துளைக் குழாய் புதைக்கலாம் என்ற யோசனையைக் கைவிட்டாயிற்று. 40 செ.மீ. ஆழத்தில் போகும் குழாய்க்கு வாய் எங்கே? தெரு வடிகால் அதைவிட மேலே இருக்கிறது. களியில் உறிஞ்சுகுழி வெட்டுவதோ தொட்டி கட்டுவது போலத்தான். பதிலாக, மேலோட்டமான வாய்க்கால் ஒன்று. அதன் கடைக்கோடியில் வீட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி, பொதுச் சுவர்களை விட்டு விலகி, 15 செ.மீ. ஆழத் தாழ்வு. மணிக்கு 1 செ.மீ. வீதம் பார்த்தாலும் நிரம்பிய தண்ணீர் ஒரு நாளுக்குள் வற்றும். நீரும் வறட்சியும் தாங்கும் செடிகள் அங்கே.

பிப்ரவரி 18
பதம் வந்துவிட்டது. 20 சதுர மீட்டர் பாத்திக்கு 5 செ.மீ. கனம் மக்கிய உரம், அதாவது 1 கன மீட்டர். முள்கரண்டியால் 15 முதல் 20 செ.மீ. வரை கிளறிக் கலக்க வேண்டும். சுழல் கலப்பை வேண்டாம், அடி மண் இறுகித் தகடு போலாகும். மணல் கலப்பது பழைய யோசனை, கெட்ட யோசனை. பாதிக்குப் பாதி கொட்டினால்தான் பலன். கொஞ்சம் போட்டால் துகள்களின் இடையைக் களி அடைத்து, காய்ந்ததும் இறுகும். ஜிப்சம் எல்லாக் களிக்கும் மருந்தல்ல: காய்ந்த கட்டியை மழைநீரில் அசையாமல் வைத்து, சுற்றிலும் பால் போலக் கலங்கினால் சோடியம் மிகுந்த மண், அதற்கு உதவும். இங்கே கட்டி பொடிந்ததே தவிரக் கலங்கவில்லை. ஜிப்சம் வாங்கவில்லை.

பிப்ரவரி 25
நடவு. குழி வேர்க்கட்டியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் அதைவிடச் சற்றுக் குறைவு. கட்டியின் தலை தரைக்கு 3 செ.மீ. மேலே நிற்கட்டும். மண்வெட்டி வழவழப்பாக்கிய குழிச் சுவரைக் கரண்டியால் கீற வேண்டும், இல்லையேல் வேர் உள்ளேயே சுற்றும். அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் அதற்கு மேலேயே தேங்கும். எடுத்த மண்ணையே திருப்பிப் போடுவது நல்லது. மூடாக்கு 7 செ.மீ., தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி.

மார்ச் 20
வெயில் ஏறியதும் மூடாக்கு மெலிந்த வாய்க்கால் ஓரம் மட்டும் வெடிப்பு. மேலாகத் தெளித்தால் தண்ணீர் வெடிப்பு வழியே ஓடிவிடும். மெதுவாக, நீண்ட நேரம் விட்டு, பிறகு மூடாக்கைக் கூட்ட வேண்டும். மக்கிய உரம் அடுத்த வருடமும் 3 செ.மீ., மேலே பரப்பினால் போதும். மண்புழு இறக்கிக்கொள்ளும்.