நாற்காலி மடக்கும் வரை

மார்ச் 3, செவ்வாய்

அலமாரியைக் காலி செய்ய உட்கார்ந்தேன். 31 வருட நிருபர் வேலையின் குறிப்பேடுகள். பாதிக்கு மேல் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை, ஓடிக்கொண்டே கிறுக்கியவை. ஆனால் நடுநடுவே என் கையெழுத்தில் இல்லாத பெயர்கள் இருக்கின்றன. சில நடுங்கிய கையெழுத்து, சில பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதினது போல உருண்டை உருண்டையாக. அதற்கு ஒரு காரணம் உண்டு, அப்புறம் எழுதுகிறேன்.

ஒரு பக்கத்தில் இவ்வளவுதான் இருந்தது: "தீர்மானம் 47. குழாய் பதிப்பு. மறுபடியும் அதே விலாசம்?" கேள்விக்குறிக்குக் கீழே இரண்டு கோடு. அதைப் பார்த்ததும் வேலை ஓடவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

அந்த 47ஐப் பற்றி.

நகர மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்றால், முதல் விஷயத்துக்கு இரண்டு மணி நேரம் சண்டை நடக்கும். யாராவது வெளிநடப்பு செய்வார்கள், போட்டோ கிடைக்கும், செய்தி கிடைக்கும், நிருபர்கள் எல்லோரும் டெட்லைனைப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் மிச்சமிருக்கும் முப்பது தீர்மானமும் எண்ணை மட்டும் வாசித்து "நிறைவேறியது, நிறைவேறியது" என்று போய்விடும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த நிருபர் ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார்: நாற்காலியை மடக்கி அடுக்கும் வரை எழுந்திருக்காதே.

47 அப்படிப் போன ஒன்று. தனியாகப் பார்த்தால் அதில் தப்பே கிடையாது. ஒரு தெருவில் குழாய் பதிக்கிறார்கள், தொகை பொது டெண்டர் விடவேண்டிய வரம்புக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் இதற்கு முந்தைய மாதமும் அதற்கு முந்தைய மாதமும் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அப்போதும் அடுத்தடுத்த தெரு, அப்போதும் வரம்புக்குக் கொஞ்சம் கீழே. ஒப்பந்ததாரர் பெயர் மூன்றும் வேறு, விலாசம் மட்டும் ஒன்று. ஒரே வேலையைத் துண்டு போட்டால் டெண்டரே வேண்டாம். ஆறு வாரம் அலைந்து நடவடிக்கைக் குறிப்புகளை நகல் வாங்கி எழுதினேன். நான்காம் பக்கத்தில் இரண்டு பத்தி அகலத்தில் வந்தது, என் பெயர் போடவில்லை. மூன்று வேலையும் ரத்தாகி மறு டெண்டர் போனது.

நான் பெரிய புத்திசாலி என்று இதை எழுதவில்லை. முந்தைய இரண்டு கூட்டத்திலும் ஒன்றுமே நடக்கவில்லை, வெறுங்கையோடுதான் திரும்பினேன், செய்தி ஆசிரியரிடம் திட்டும் வாங்கினேன். அந்த இரண்டு வெறும் நாள் இல்லாவிட்டால் இந்த 47 என் கண்ணில் பட்டிருக்காது.

மார்ச் 5, வியாழன்

நேற்று எழுதியதன் தொடர்ச்சியாக கலிபோர்னியாவின் பெல் நகரம் ஞாபகம் வந்தது. சுமார் 35 ஆயிரம் பேர் வசிக்கும் சின்ன ஊர், வசதியானவர்கள் ஊரும் இல்லை. அங்கே நகர நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோவின் வருடச் சம்பளம் ஏறத்தாழ 8 லட்சம் டாலர்! லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் ஜெஃப் காட்லீபும் ரூபன் விவஸும் 2010 ஜூலையில் அதை வெளியே கொண்டுவந்தார்கள். அவர்கள் முதலில் விசாரித்துக்கொண்டிருந்தது பக்கத்து ஊரான மேவுட்டை. அங்கிருந்து நூல் பிடித்துத்தான் பெல்லுக்கு வந்தார்கள். 2011இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு, அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருது, கிடைத்தது, 2014இல் ரிஸ்ஸோவுக்கு 12 வருடச் சிறை.

எல்லோரும் அந்தப் பரிசைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய வருடங்கள்தான் உறுத்துகின்றன. சம்பளம் ஒரே நாளில் அவ்வளவு உயரவில்லை. மாதா மாதம் கூட்டத்துக்கு வந்து உட்காரும் ஒரு நிருபர் இருந்திருந்தால், முதல் ஏற்றத்திலேயே ஒருவர் கை தூக்கிக் கேட்டிருப்பார்.

மார்ச் 7, சனி

கையெழுத்துகளின் காரணம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். சாலை விபத்து, அண்ணன் தம்பி இருவர், ஒருவர் இறந்துவிட்டார். இரவுப் பதிப்பு முடியும் நேரம், இரைச்சலான லைனில் போனில் பெயர் வாங்கினேன். இரண்டும் ஒலியில் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் பெயர்கள். ஆஸ்பத்திரியில் உயிரோடு படுத்திருந்தவரை நான் இறந்தவராக எழுதிவிட்டேன்.

மறுநாள் அந்த அண்ணன் தம்பியின் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பத்திரிகையை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார், எடுத்து மேசையில் விரித்து, அந்தப் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றார். "இவன் அம்மா இன்னும் இதைப் பார்க்கவில்லை" என்றார். அவ்வளவுதான். தவறு முதல் பக்கத்தில் வந்தது. திருத்தம் ஏழாம் பக்கத்தில் நான்கு வரி. அந்த அளவு வித்தியாசம் இன்றைக்கும் எனக்குச் சம்மதமில்லை. தவறு வந்த இடத்திலேயே திருத்தமும் வரவேண்டும்.

அன்றிலிருந்து நேரில் பார்க்கிற யாராக இருந்தாலும் நோட்டையும் பேனாவையும் நீட்டி "உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்" என்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை எழுதச் சொல்வேன்.

மார்ச் 10, செவ்வாய்

என்னிடம் பயிற்சி எடுத்த பையன் போன் செய்தான். இப்போது ஒரு நாளைக்கு எட்டுச் செய்தி போடவேண்டுமாம். அறிக்கைகள் வாட்ஸ்அப்பில் வந்து விழுகின்றன, மேசையை விட்டு எழுந்திருக்க வழியில்லை. "கூட்டத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆச்சு சார்" என்றான், குரல் இறங்கிவிட்டது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை, வீடு, வாடகை என்று வரும் வரி விளம்பரங்கள் பத்திரிகையை விட்டு இணையத்துக்குப் போனபோதே, நிருபரைக் கூட்டத்துக்கு அனுப்பிய பணமும் சேர்ந்துதான் போனது. அமெரிக்காவில் ஒஹையோவின் யங்ஸ்டவுனில் 150 வருடம் ஓடிய விண்டிகேட்டர் நாளிதழை அதை நடத்திய குடும்பம் 2019 ஆகஸ்ட் 31உடன் நிறுத்தியது. பெயரைப் பக்கத்து ஊர் நாளிதழ் வாங்கிப் பதிப்பைத் தொடர்கிறது, சரி, ஆனால் அந்த ஊரையே மனப்பாடமாக வைத்திருந்த நிருபர்கள் பலருக்கு அதில் இடமில்லை. அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள்: உள்ளூர்ப் பத்திரிகை மூடிய இடங்களில் உள்ளாட்சி வாங்கும் கடனுக்கான வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை ஏறியிருக்கிறது. கண்காணிப்பு இல்லாத இடத்துக்குக் கடன் கொடுக்கிறவன் கூடுதலாகக் கேட்கிறான்.

மார்ச் 12, வியாழன்

இன்று மன்றக் கூட்டத்துக்குப் போனேன், பார்வையாளராக. பத்திரிகையாளர் மேசையில் தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது. முதல் விஷயத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். அப்புறம் எண்கள். 19இல் ஒரு பெண் உறுப்பினர் எழுந்து மதிப்பீட்டை வாசிக்கச் சொன்னார், வாசிக்காமலே நிறைவேறியது. நாற்காலி மடக்கும் சத்தம் கேட்ட பிறகு அவரிடம் போய்ப் புது நோட்டை நீட்டினேன். எழுதிக் கொடுத்தார்.

இரவு பையனுக்குப் போன் போட்டுத் தீர்மான எண்ணைச் சொன்னேன். குறித்துக்கொண்டான். உறுப்பினர் பெயரைச் சொன்னதும், "இருங்க சார், ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க" என்றான்.