மருதானையில் கிடைத்த எலிங்டன்

போன சனிக்கிழமை கொழும்பு மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் சுற்றியபோது, கிழிந்த சட்டப் புத்தகங்களுக்கும் உயர்தரப் பாஸ்ட் பேப்பர்களுக்கும் நடுவே அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் ‘மியூசிக் இஸ் மை மிஸ்ட்ரஸ்’ தலைகீழாகச் செருகிக் கிடந்தது. 1973இல் டபுள்டே வெளியிட்ட அவருடைய தன்வரலாறு. பத்து வருடமாகத் தேடிய புத்தகம்.

ஆனாலும் உடனே காசை எடுக்கவில்லை. முதலில் பதிப்புரிமைப் பக்கம். டபுள்டே புத்தகங்களில் இது சுலபம், முதல் அச்சு என்றால் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்று அங்கேயே போட்டிருப்பார்கள், அடுத்த அச்சில் அந்த வரியை எடுத்துவிடுவார்கள். இருந்தது. அப்புறம் மேலுறையின் முன்மடிப்பில் விலை. அதுவும் இருந்தது. கடைசியாகப் பின்னட்டையின் கீழ்மூலையை விரலால் தடவினேன். புக் கிளப் பதிப்புகள் (சந்தாதாரர்களுக்கென்று மலிவாக அச்சடிப்பவை) பலவற்றில் அங்கே சின்னதாக ஒரு பள்ளம் அமுக்கியிருக்கும். இல்லை. இதெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது: ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 1956 தன்வரலாற்றை முதல் பதிப்பு என்று நம்பி இணையத்தில் வாங்கி, தபால் செலவோடு பாதிச் சம்பளம் போய், பார்சலைப் பிரித்தால் மடிப்பில் விலையே இல்லை, புக் கிளப் பதிப்பு. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. இதே டபுள்டே வெளியிட்ட ஸ்டீபன் கிங்கின் ‘கேரி’ நாவலின் (1974) முதல் அச்சைத் தேடுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும், 199ஆம் பக்கத்தில் தையல் ஓரமாகப் பொடி எழுத்தில் ‘பி6’ என்று இருக்க வேண்டும்.

“நானா, இது எவ்வளவு?”

“தம்பிக்கு எண்ணூறு.”

பேரம் பேச மனம் வரவில்லை.

எலிங்டன் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததற்குக் காரணம் 1963. அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய சுற்றுப்பயணத்தில் அவருடைய இசைக்குழு இலங்கைக்கும் வந்து வாசித்தது. (1958இல் ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கும் அப்படித்தான் வந்தார்.) அந்தப் பயணத்தைப் பற்றி அவர் இந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். மறுபதிப்பிலும் அதே வரிகள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. சரி, வரிகள் அதேதான், ஆனால் இது அவர் உயிரோடு இருந்தபோது வந்த அச்சு. 1974 மே 24இல் அவர் போய்விட்டார்.

வெள்ளவத்தையில் கடற்காற்றுக்கு மேலுறை சீக்கிரம் நமுத்துப்போகும், அதனால் வந்ததுமே பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டேன். பூச்சிக்கு வேப்பிலை வை என்றார் அம்மா. பக்கங்களில் கறை படியும் என்று அலமாரியின் மூலையில் மட்டும் வைத்தேன்.

முதல் வெற்றுத்தாளில் யாரோ நீல மையில் ‘கொழும்பு, ஜூன் 1974’ என்று எழுதியிருக்கிறார்கள். பெயர் இல்லை. சேகரிப்பவர்கள் இப்படிக் கையெழுத்து இருந்தால் விலையைக் குறைப்பார்கள். நான் இரண்டு நாளாக அந்தப் பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், எழுதியவர் 63இல் எலிங்டன் வாசித்ததை நேரில் கேட்டவராக இருப்பாரோ என்று.