4.97 என்பது எந்த அப்பர்ச்சர்?

இன்று பார்த்த ஒரு படத்தின் எக்ஸிஃப் தகவலில் (கேமரா படக்கோப்புக்குள் எழுதிவைக்கும் குறிப்புகள்) எஃப்நம்பர் 5.6. அடுத்த வரியில் அப்பர்ச்சர்வேல்யூ 4.97.

கேமரா கெட்டுப்போகவில்லை. இரண்டும் லென்ஸின் ஒரே துளையளவைத்தான் (அப்பர்ச்சர்) சொல்கின்றன!

எஃப்நம்பர் 56/10 என்று பின்னமாகவே பதிவாகும். அப்பர்ச்சர்வேல்யூ, ஏபெக்ஸ் என்ற மடக்கை முறைக் கணக்கு: √2-ஐ அந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் எஃப் எண் கிடைக்கும். 4 என்றால் எஃப் 4, 6 என்றால் எஃப் 8.

4.97-ஐ 5 என்று முழுமையாக்கினால் விடை 5.66. சில மென்பொருள்கள் 5.7 என்று காட்டுவது இப்படித்தான். ஆகவே எஃப்நம்பரையே நம்புங்கள்.

மின்தொடர்பு இல்லாத பழைய மேனுவல் லென்ஸ் மாட்டினால் கேமராவுக்குத் துளையளவு தெரியாது. 0 அல்லது வெற்றிடம்தான் வரும். எடுக்கும்போதே குறித்து வைத்து, பிறகு எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் மூலம் எஃப்நம்பரில் எழுதிக்கொள்ளலாம். மூலக்கோப்பை அதுவே தனியாக எடுத்து வைத்துவிடும், பயம் வேண்டாம்.