வாடகைக்கு வந்தவர்

"டீச்சர், அப்போ வெள்ளைக்காரங்க வாடகைக்குத்தான் வந்தாங்களா?"

உயர்நிலை ஒன்று, சிங்கப்பூர் வரலாற்று வகுப்பு. பலகையில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 6 பிப்ரவரி 1819. ஜோகூர் சுல்தான் ஹுசேனுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய டாலர், உள்ளூர் மலாய்த் தலைவரான தெமெங்கோங்கிற்கு 3,000.

கேட்டவள் கடைசி வரிசைத் தமிழ்ப் பெண். நோட்டில் அந்த 5,000த்தின் கீழே பென்சிலால் இரண்டு கோடு.

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அந்தப் பணத்துக்கு, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சிங்கப்பூரில் வணிகத்தளம் அமைக்க மட்டும்தான் அனுமதி. அப்புறம் 1824இல் கம்பெனி அதிகாரி கிராஃபர்ட் போட்ட ஒப்பந்தத்தில் தீவு மொத்தமும் கம்பெனி கைக்குப் போனது.

"அஞ்சே வருஷத்துல வீட்டையே எழுதி வாங்கிட்டாங்களா!"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் 1819இல் வந்திறங்கினார், ஊர் உருவானது என்றுதான் நான் படித்தேன். வாடகை என்ற சொல் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பலகையை அழிக்காமலே வந்துவிட்டேன். அடுத்து வந்த கணக்கு வாத்தியார் திட்டியிருப்பார்.