பட்டை தனி, கட்டை தனி, பாக்கி தனி

அப்பா பெயருக்கு வந்த கடிதத்தை நான்தான் பிரித்தேன். தனியார் மரத்தோட்டங்களில் ஓர் ஆண்டில் எவ்வளவு வெட்டப்பட்டது என்று நாடு முழுவதும் எடுக்கும் கணக்கு. பீட்டர்மரிட்ஸ்பர்குக்கு வடக்கே எங்களுக்கு இருப்பது 14 ஹெக்டேர். தென்னாப்பிரிக்காவின் வணிக மரத்தோட்டங்கள் ஏறத்தாழ 12 லட்சம் ஹெக்டேர். கடலில் கரைத்த பெருங்காயம்தான். அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் இழுத்தது.

பரப்பும் நட்ட ஆண்டும் அப்பாவின் பழைய நோட்டில் இருந்தன. காகிதக்கூழ் ஆலைக்குப் போன யூகலிப்டஸுக்கு எடைமேடைச் சீட்டு உண்டு. வாட்டில் மரம்தான் படுத்தியது. 1864இல் ஆஸ்திரேலிய விதையாக எங்கள் நேட்டால் பகுதிக்கு வந்த இந்த மரத்தில் பட்டைக்குத் தனி விலை. தோல் பதனிடும் சாறு அதிலிருந்துதான். மழைக்காலத்தில் இழுத்த இழுப்புக்கு உரிந்து வரும். குளிர்காலத்தில் வெட்டினால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். ஆக, ஒரே மரத்துக்குப் பட்டை எடை படிவத்தின் ஒரு கட்டத்தில், கட்டை எடை இன்னொரு கட்டத்தில். இரண்டையும் கூட்டி ஒரே இடத்தில் எழுதி, அடித்துத் திருத்தினேன்.

படிவத்தில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய பெண் முதலில் கேட்டது, எடை போட்டபோது மரம் பச்சையா, காய்ந்ததா என்று. காய்ந்தால் எடை இறங்கும், கன அளவு அவ்வளவாக இறங்காது. பிறகு, "ஆலைக்குப் போனதை ஆலையே சொல்லிவிடும், ஐயா. போகாததை நீங்கள் சொன்னால்தான் உண்டு" என்றார்.

போகாதது விறகு. அதைப் பக்கிக் கணக்கில் விற்கிறோம். சின்னச் சரக்கு வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். ஒலியை நீட்டினால் கடனாகிவிடும். எங்கள் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். கைக்குக் கை விற்ற லோடுகள் யாருக்கும் நினைவில்லை. ஆனால் கடன் சொன்னவர்களின் லோடுகளை அம்மா நாள்வாரியாக எழுதி வைத்திருந்தார்: 37. ஒரு லோடை எடைமேடையில் ஏற்றி, வெறும் வண்டியின் எடையைக் கழித்து, 37ஆல் பெருக்கினேன். மதிப்பீடு என்று பக்கத்தில் எழுதினேன்.

அனுப்பும் முன் அம்மா படிவத்தை வாங்கிப் பார்த்தார். "பணம் வராத லோடையும் ஏன் சேர்த்தாய்?"

"மரம் போனது போனதுதானே, அம்மா."

அவர் நோட்டை என்னிடமிருந்து வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.