37-ஆல் வகுபடும் சங்கங்கள்

ராயபுரத்தில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் காசிமேட்டுப் பிள்ளைகள். கடலும் படகும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்னெறி வகுப்பில், உலகை மூழ்கடித்த வெள்ளத்தில் உயிர்களை ஏற்றிக் காத்த நோவாவின் பேழை, அந்த பைபிள் கதை வந்தாலே ரகளைதான். 300 முழ நீளம், 50 முழ அகலம், ஒரே ஒரு ஜன்னல். "இத்தினி உருப்படி போட்ட சாணிய எவன் சார் அள்ளிக் கொட்னான்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும். பின்னாலேயே பிரம்பும் வரும்.

கணக்கு சார் அடிக்கமாட்டார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனால் கேள்வி காதில் விழுந்தால் சாக்பீஸை எடுத்துவிடுவார். உலகின் உயர்ந்த மலை 8,848 மீட்டர், மழை 40 நாள். வகுத்தால் மணிக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் கொட்டியிருக்க வேண்டும். (2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரு நாள் முழுக்கப் பெய்தது 49 சென்டிமீட்டர். அதற்கே ஊர் என்ன ஆனது என்று பார்த்தோம்.) காற்றிலுள்ள ஈரம் அத்தனையும் இறங்கினாலும் பூமியின் மேல் இரண்டரை சென்டிமீட்டர்தான் நிற்குமாம். நாங்கள் மேசையைத் தட்டினோம். அந்தக் கதையின் மூத்த வடிவத்தைப் பிற்பாடு லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தின் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். நினிவேயில் கிடைத்த களிமண் பலகை. 1872-இல் அதைப் படித்துச் சொன்ன ஜார்ஜ் ஸ்மித், பணநோட்டுக்கு அச்சுத் தகடு செதுக்கும் தொழில் பழகியவர். அதிலும் ஒரு கப்பல், வெள்ளம், வெளியே விடப்படும் புறா, காகம். யூப்ரட்டீஸ் பக்கத்து ஊர்களைத் தோண்டியபோது வெள்ள வண்டலும் அகப்பட்டது. என்ன, ஊருக்கு ஊர் காலம் வேறு.

மேசையைத் தட்டிய கையோடு ஒருநாள் தமிழ் மன்றக் கூட்டத்துக்குப் போனோம். தலைமை தாங்க வந்த கணக்கு சார் பலகையில் மூன்று எண்களை எழுதினார்: 4440, 3700, 1850. இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலின் உரை முச்சங்கங்களுக்குத் தரும் ஆண்டுகள். முதல் இரண்டு சங்கங்கள் இருந்த ஊர்களைக் கடல் கொண்டது என்பதும் அந்த உரைதான். அவை இருந்தது குமரிக்கண்டம் என்ற மூழ்கிய கண்டத்தில் என்பது தமிழ் ஐயாவின் நம்பிக்கை. "37-ஆல வகுத்துப் பாருங்கடா" என்றார். 120, 100, 50. மிச்சமே இல்லை. "நெசமா நடந்த காலம் இப்படி வகுபடுமா? மச்சாவதாரத்துல மீன் கொம்புல கயிறு கட்டி ஓடத்த இழுத்த கதையையும் இதே கணக்குல போடுங்க." நோவாவுக்குத் தட்டிய கை ஒன்றும் அன்று எழவில்லை. தமிழ் ஐயா வெளியே போய்விட்டார்.

ஐயா கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பனியுகம் முடிந்து கடல் சுமார் 120 மீட்டர் ஏறியது உண்மை. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையில் இருந்த நிலம் மூழ்கியதும் உண்மை. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. போனது கரை, கண்டம் அல்ல. கண்டத்தைக் கொண்டுவந்தவர் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர். மடகாஸ்கரின் லெமூர் என்ற விலங்குக்கு இந்தியாவிலும் உறவு இருக்கிறதே, நடுவில் நிலம் இருந்திருக்கும் என்று 1864-இல் ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த ஊகம் தேவைப்படவில்லை. நம்மவர்கள் மட்டும் அதைக் குமரிக்கண்டம் என்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பைபிளை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள்கூட.

போன மாதம் நம் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் குமரிக்கண்ட வரைபடம் ஒன்று வந்தது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கடல் கொண்டதாகச் சொன்ன 49 நாடுகளும் கலர் கலராக. அதன் கீழே 37 கணக்கைப் போட்டேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன, எல்லாம் வரைபடத்துக்கு.